எட்டில் ஒரு பங்கு

பாண்டிருப்பில் எமது சேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், ஓர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். 1990ஆம் ஆண்டின் வன்செயலில் கணவரை இழந்தவர். அப்போது அவரது கையில் ஒரு கைக்குழந்தை. இடியப்பம் அவித்து விற்றும், வீடுகளில் நெல் அவித்துக் கொடுத்தும் அந்தப் பிள்ளையை ஆளாக்கினார். அந்த மகன் இன்று கட்டாரில் வேலை செய்கின்றார். அவர் அனுப்பிய பணத்தில் மிச்சம் பிடித்து நான்கு லட்சம் ரூபா சேர்த்து வைத்திருக்கின்றார் அக்கா.

"தங்கச்சி, கொழும்பில மாடி வீடு கட்டி விக்கிற கொம்பனி ஒண்டுட பங்கு வாங்கச் சொல்லி மகன் சொல்றான். பெரிய குடும்பமொண்டுட கொம்பனியாம். வீடுதானே, ஓடிப் போற சாமானில்லையே. போடட்டா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில், "வீடுதானே, ஓடிப் போகாது" என்ற அதே வார்த்தையை 2021ஆம் ஆண்டு எனது உம்மாவிடம் நானே சொல்லியிருந்தேன். பங்கு என்றால் என்ன, பெரிய குடும்பத்தின் கையில் இருக்கும் சொத்தில் சின்னப் பங்கு வைத்திருப்பது என்றால் என்ன என்பதை நான் பல்கலைக்கழகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும், பின்னர் எனது கைப்பணத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அக்காவுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகின்றேன். இதே கேள்வி இன்னும் பல சகோதரிகளின் மனதில் இருக்கக்கூடும்.

எங்கள் வீடு

நான் மருதமுனையைச் சேர்ந்தவள். நெசவுக் குடும்பம். எமது கரையோர ஊர்களில் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வீடு பெண் பிள்ளைக்கு உரியது என்பது நெடுங்கால வழக்கமாகும். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சமூகவியல் படிக்கும்போது இதற்குத் 'தாய்வழிக் குடியிருப்பு' என்று பெயர் சொல்லித் தந்தார்கள். சீதனத்தின் பெயரால் எமது தாய் தகப்பன்மார் படும் பாடு வேறு கதை. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அந்த வழக்கத்தினுள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. உறுதி பெண்ணின் பெயரில் இருந்தது. கணவன் கோபித்துக்கொண்டால் வெளியே போக வேண்டியவர் அவர்தான், மனைவியல்ல.

எனது உம்மாவுக்கும் உம்மம்மா அப்படித்தான் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை எழுதிக் கொடுத்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த வீட்டில் அத்திவாரக் கல் மட்டும் மிஞ்சியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று இறந்தனர். எங்கள் குடும்பத்தில் உயிர்ச்சேதம் இல்லாததே அல்லாஹ்வின் கிருபை என்று இருந்தோம். கரையோரத் தடை வலயத்தில் திரும்பவும் கட்ட முடியாது என்றார்கள். சில வருடங்களின் பின்னர் வீட்டுத்திட்டமொன்றில் எமக்கு ஒரு வீடு கிடைத்தது. பதிவு செய்த மேசையில், "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார்கள். வாப்பாவின் பெயரைச் சொன்னோம். அந்தப் பெயரிலேயே பத்திரம் எழுதப்பட்டது. அன்றைக்கு யாருக்கும் அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. எமது கரையோரத்தில் எத்தனையோ வீடுகள் இவ்வாறே பெண்ணின் பெயரிலிருந்து ஆணின் பெயருக்கு மாறின.

2016இல் வாப்பா வபாத்தானார். வாரிசுரிமைக் கணக்கைப் பார்த்தோம். பிள்ளைகள் உள்ள விதவைக்கு எட்டில் ஒரு பங்கு. மிகுதி பிள்ளைகளுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று. எனக்கு இரண்டு காக்காமார். வீட்டை நாற்பது பங்காக்கினால் உம்மாவுக்கு ஐந்து, எனக்கு ஏழு, காக்காமார் இருவருக்கும் சேர்த்து இருபத்தெட்டு. மார்க்கம் சொன்ன கணக்கில் பிழையில்லை. பிழை அதற்கு முன்னமே, பெயர் எழுதிய மேசையில் நடந்துவிட்டது. முழு வீட்டுக்கும் சொந்தக்காரியாக இருந்த உம்மா எட்டில் ஒரு பங்குக்காரியானார்.

காக்காமார் நல்லவர்கள். உம்மாவை வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் கூரையை மாற்றுவதா, முன்னறையை வாடகைக்குக் கொடுப்பதா என்ற பேச்சு வந்தால் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தாம். உம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் வாங்கிய பங்கு

2021இல் எங்கும் பங்குச் சந்தைப் பேச்சாக இருந்தது. கொழும்புக்குப் போகாமலே கைத்தொலைபேசியில் கணக்குத் திறக்கலாம் என்ற வசதி அதற்குச் சற்று முன்னர்தான் வந்திருந்தது. என்னோடு படித்த ஒருவர், குடும்பமொன்றின் கட்டுப்பாட்டில் உள்ள வீடமைப்புக் கம்பனி ஒன்றைக் காட்டினார். கம்பனியின் காணி, கட்டடம் எல்லாவற்றின் பெறுமதியிலும் கடனைக் கழித்துப் பங்குகளின் தொகையால் பிரித்தால் ஒரு பங்குக்கு வரும் கணக்கு ஒன்று உண்டு. அதற்குத் தேறிய சொத்துப் பெறுமதி என்று பெயர். அந்தக் கம்பனியின் பங்கு சந்தையில் அதன் பாதி விலைக்கே கிடைத்தது. "ஒரு ரூபாச் சாமான் ஐம்பது சதத்துக்கு" என்றார் நண்பர். எனக்கும் ஆசை பிறந்தது. எனது காப்பு ஒன்றை விற்று ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாவைப் போட்டேன். உம்மா தயங்கியபோதுதான், "வீடுதானே உம்மா, ஓடிப் போகாது" என்று சொன்னேன்.

அடுத்த வருடம் நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்தது. அதே மாதம் பங்குச் சந்தையை ஒரு வாரம் மூடி வைத்தார்கள். ஜனவரியில் 13,000ஐத் தாண்டி நின்ற பங்குச் சுட்டெண் சில மாதங்களில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கியது. ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்து மூடை மூவாயிரத்தைத் தொட்டது. வங்கி வைப்பு வட்டி 20 வீதத்துக்கு மேல் போனது. கடன் வாங்கி வீடு வாங்குவோர் பின்வாங்கினர், கட்டும் வேலைகளும் நின்றன. வீடமைப்புக் கம்பனிகள் இரண்டு பக்கமும் அடிபட்டன.

உம்மாவின் பிரஷர் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் காசு தேவைப்பட்டது. எனது பங்குகளில் பாதியை மே மாதத்தில் விற்றேன். அறுபதாயிரத்துக்கு வாங்கியது இருபத்தெட்டாயிரத்துக்குப் போனது. மற்றப் பாதியை வைத்திருந்தேன். சந்தை பின்னர் எழுந்தது. 2024 முடிவில் சுட்டெண் 15,000ஐயும் தாண்டியது. வைத்திருந்த பாதி இன்று வாங்கிய விலைக்குச் சற்று மேலே நிற்கின்றது. ஆகவே நட்டத்துக்குக் காரணம் பங்கு மட்டுமல்ல. நாளைக்குத் தேவைப்படும் காசை அதில் போட்டது எனது பிழை.

ஆனால் அந்த 'ஐம்பது சதக் கணக்கு' மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. சந்தை எழுந்த பின்னரும் எனது கம்பனியின் பங்கு அதன் சொத்துப் பெறுமதியின் பாதியிலேயே நின்றது. ஏன்?

கொழும்பில் ஒரு கம்பனி

இதை விளங்கிக்கொள்ள நான் பங்கு வாங்காத ஒரு கம்பனியைப் பற்றி வாசித்தேன். அதை வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வரவில்லை. உதாரணத்துக்காகவே குறிப்பிடுகின்றேன்.

கொழும்புக் கோட்டையில் உள்ள உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களைப் பலர் படத்திலாவது கண்டிருப்பீர்கள். அவை ஓவர்சீஸ் ரியல்ட்டி (சிலோன்) என்ற கம்பனிக்குரியவை. கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள கம்பனி அது. ஆயினும் பெரும்பான்மைப் பங்குகள் சிங்கப்பூர் வர்த்தகரான எஸ்.பி. தாவோவின் குடும்பத்தைச் சேர்ந்த ஷிங் குவான் குழுமத்திடம் உள்ளன. கோபுரங்கள் 1997 ஒக்டோபரில் திறக்கப்பட்டன. சில நாட்களிலேயே, 15ஆம் திகதி, அருகில் குண்டு நிரப்பிய லொறி வெடித்துப் பலர் உயிரிழந்தனர். கோபுரங்களும் சேதமடைந்தன. யுத்தம் எம்மை மட்டும் சுடவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இதே கம்பனிதான் ஹெவ்லொக் சிட்டி என்ற குடியிருப்புத் தொகுதியையும் கட்டியது. ஏறத்தாழ 18 ஏக்கர் காணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்மாடி வீடுகள். அந்தக் காணி யாருடையது தெரியுமா? பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த இடம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நூல் நூற்ற மண்ணில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு அதை வாசித்தபோது மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. எமது ஊரிலும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றோம்.

வேலை பல கட்டங்களாக நடந்தது. 2000களில் தொடங்கிய திட்டத்தின் வணிகத் தொகுதி 2023இல்தான் திறக்கப்பட்டது. இடையில் யுத்தம், அரசாங்க மாற்றங்கள், கொரோனா, பொருளாதார நெருக்கடி எல்லாம் வந்து போயின. இவ்வளவு காலம் பொறுத்திருக்க ஒரு குடும்பத்தால் முடியும். அவர்களுக்கு அது தலைமுறைச் சொத்து. குடும்பக் கட்டுப்பாட்டில் உள்ள கம்பனிகளின் நல்ல பக்கம் இதுதான். நடத்துபவர்களின் சொந்தப் பணமும் அதே பாத்திரத்தில் இருக்கின்றது. ஒரு வருட இலாபத்துக்காக அவசரப்பட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

ஆனால் எமக்கு இருபது வருடம் பொறுக்க முடியுமா? பிள்ளையின் கலியாணமும் மருந்துச் செலவும் பொறுக்குமா?

இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. டெல்லியைச் சேர்ந்த டி.எல்.எஃப். என்ற பெரிய வீடமைப்புக் கம்பனியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கே.பி. சிங் குடும்பத்திடம் உள்ளது. 2007இல் அது பொதுமக்களுக்கு ஒரு பங்கை 525 இந்திய ரூபாவுக்கு விற்றது. மறு வருடம் விலை இரண்டு மடங்குக்கு மேலும் ஏறிப் பின்னர் படுகுழியில் விழுந்தது. அந்த 525ஐத் திரும்பவும் எட்ட 2023 வரை செல்ல வேண்டியிருந்தது. பொறுத்திருக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். அவசரத்துக்கு விற்றவர்கள் இழந்தார்கள்.

பிரித்துக் கேட்க முடியாத பங்கு

இப்போது ஐம்பது சதக் கணக்குக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் எனக்கு நாற்பதில் ஏழு பங்கு இருக்கின்றது. காக்காமாரோடு ஒத்துப்போகாவிட்டால் நான் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். 1977ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகின்றது. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. ஆனாலும் அந்த உரிமை எனக்கு உண்டு.

கம்பனிப் பங்கில் அந்த உரிமை இல்லை. காணியும் கட்டடமும் கம்பனியுடையவை, பங்குக்காரியுடையவை அல்ல. "என்னுடைய பங்குக்குரிய காணியைப் பிரித்துத் தாருங்கள்" என்று கேட்க முடியாது. "அந்தக் கட்டடத்தை விற்றுக் காசைப் பகிருங்கள்" என்று கேட்கலாம், ஆனால் கூட்டத்தில் வாக்குப் பலம் வேண்டும். பாதிக்கு மேல் வாக்கு உள்ளவர் சாதாரண முடிவுகள் எல்லாவற்றையும் எடுப்பார். பணிப்பாளர்களைத் தெரிவு செய்பவரும் அவரே. 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி முக்கியமான முடிவுகளுக்கு 75 வீத வாக்கு வேண்டும். குடும்பத்திடம் அதுவும் இருந்தால் எமது வாக்கு கணக்கில் வராது. ஆகவே பெறுமதி இருக்கின்றது, ஆனால் அதன் திறப்பு குடும்பத்தின் கையில் இருக்கின்றது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரூபாவுக்குச் சந்தை ஐம்பது சதம்தான் கொடுக்கும். அது மலிவல்ல, பூட்டின் விலை.

இலாபக் கணக்கையும் அவதானமாகப் பார்க்க வேண்டும். வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் கம்பனிகள் வருடா வருடம் அவற்றை மதிப்பிட்டு, கூடிய பெறுமதியை இலாபமாகக் காட்டுவது வழமை. கணக்கு விதி அதற்கு இடமளிக்கின்றது. எங்கள் வளவு போன வருடம் பத்து லட்சம் பெறுமதி, இந்த வருடம் பன்னிரண்டு லட்சம் என்றால் இரண்டு லட்சம் இலாபம் என்று எழுதலாம். ஆனால் அதைக் கொண்டு ஒரு கொத்து அரிசி வாங்க முடியாது.

போடுவதற்கு முன்

அந்த அக்காவிடம் நான் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சில கேள்விகளைக் கொடுத்தேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, இது பங்கா அல்லது வைப்பா? பங்குச் சந்தையில் உள்ள கம்பனியா? 2008இல் சக்வித்தி ரணசிங்க என்பவர் வீடு கட்டும் கம்பனி என்ற பெயரில் கூடிய வட்டி தருவதாகச் சனங்களிடம் பணம் சேர்த்துவிட்டுத் தலைமறைவானார். அதே வருட முடிவில் கோல்டன் கீ என்ற கம்பனி விழுந்து ஆயிரக்கணக்கானோரின் வைப்புப் பணம் அகப்பட்டது. மாதா மாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவ்விடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். பங்குக்கு நிச்சய இலாபம் கிடையாது. வங்கியில் உள்ள வைப்புக்கு மத்திய வங்கியின் காப்புறுதித் திட்டத்தில் 11 லட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. பங்குக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது, குடும்பத்திடம் எத்தனை வீதம் இருக்கின்றது? ஆண்டறிக்கையில் பெரிய பங்குதாரர் இருபது பேரின் பட்டியல் இருக்கும். பெயர்கள் வேறு வேறு கம்பனிகளாக இருந்தாலும் அவற்றின் பின்னால் ஒரே குடும்பம் இருக்கலாம். கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, கம்பனி அந்தக் குடும்பத்தின் மற்றக் கம்பனிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல் செய்கின்றது? 'தொடர்புடைய தரப்பினர்' என்ற தலைப்பில் அதுவும் ஆண்டறிக்கையில் இருக்கும். காணி யாரிடம் வாங்கினார்கள், முகாமைக் கட்டணம் யாருக்குப் போகின்றது என்பதை அங்கே பார்க்கலாம். எனக்கு முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் விளங்கியது.

நான்காவது, பங்கிலாபம் தருகின்றார்களா? கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை வருடம் தந்தார்கள்? பெட்டியைத் திறக்க முடியாத எமக்கு, அதிலிருந்து கையில் வந்து சேர்வது பங்கிலாபம் மட்டுமே.

ஐந்தாவது, முஸ்லிம் சகோதரிகளுக்கு, ஆகுமானதா என்பது. வீடு கட்டி விற்பதும் வாடகைக்கு விடுவதும் ஆகுமான தொழில்கள். ஆனால் கம்பனியின் வட்டிக் கடனும் வட்டி வருமானமும் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். விடயம் தெரிந்த ஆலிமிடம் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, கணக்கு யாருடைய பெயரில்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அக்கா நின்றார். மகன் தன்னுடைய பெயரில்தான் கணக்குத் திறக்கச் சொல்லியிருந்தார். அவர் கெட்ட பிள்ளையல்ல. "அம்மாக்கு இந்த ஃபோன் வேலையெல்லாம் விளங்காது" என்பது அவரது எண்ணம். அன்றிரவு அக்கா மகனோடு பேசியிருக்கின்றார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறு வாரம் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நான்கு லட்சத்தில் மூன்று லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும் என்றார். அறுபதாயிரத்துக்கு அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கி மாவிடிக்கும் வேலையைப் பெருப்பிக்கப் போகின்றார். மிகுதி நாற்பதாயிரத்துக்கு, தனது பெயரில், பங்கு. "போனாலும் தாங்குவன், வந்தா சந்தோசம்" என்றார். கணக்குத் திறக்கும்போது கடவுச் சொல்லைத் தானே எழுதினார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்ட பங்கு யார்ட பேர்ல இரிக்கி மகள்?" என்று கேட்டார்.

"என்ட பேர்லதான் உம்மா."

"அது போதும்" என்றார்.

போதாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வெள்ளிக்கிழமை காக்காமார் இருவரும் சாப்பிட வந்தபோது, உம்மா குசினியில் இருக்கையில், வீட்டை உம்மாவின் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதுவது பற்றிப் பேச்சை எடுத்தேன். எனது ஏழு பங்கை முதலில் எழுதித் தருவதாகச் சொன்னேன். மூத்த காக்கா யோசிப்போம் என்றார். சின்னக் காக்கா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இம்முறை உம்மாவைக் கூப்பிட்டு எங்களோடு இருத்திவிட்டே பேசினோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டின் உறுதியோ பத்திரமோ எங்கே இருக்கின்றது என்று இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கின்றது என்பதை வாசியுங்கள். கொழும்புக் கம்பனியின் பங்கை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.